அம்மாவின் ஒன்றரைப் புள்ளி

திருவண்ணாமலை
புதன் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு, கவிநிலா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், எல்லையில் அந்தப் பனியில் நீ சுகமாக இருப்பதே எங்களுக்குப் போதும் என்றுதான் அம்மா எப்போதும் என்னை எழுதச் சொல்வாள். இது அவள் சொல்லி எழுதுவதல்ல, அவள் தூங்கிய பிறகு நானாக எழுதுகிறேன். நீ போன் செய்யும்போது பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் வேறு வழி தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறேன். ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்திருப்பதால் அப்பா ஆட்டோவுக்குச் சவாரி பரவாயில்லை.

அம்மா உனக்காக நேர்ந்துகொண்ட ஒன்பது பௌர்ணமி கிரிவலத்தில் ஏழாவதைப் போன பௌர்ணமி இரவு நடந்து முடித்தாள். முழங்கால் வலிக்குத் தானே கடையில் வாங்கிய வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரையும் பார்ப்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள், அம்மா தண்ணீரும் கூடாது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய்கூடக் குடிக்காமல் பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு நேராக லேபில் போய் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கப் போனவள் நான். கிரியாட்டினின் 1.5 என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் பெண்களுக்கு 1.1 வரை என்று போட்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வேனிலிருந்து இறங்கும் நம் தெரு சகாதேவன் மாமாவின் முகம்தான் கண்முன் வந்தது, அங்கேயே அழுதுவிட்டேன்.

லேபில் இருக்கும் ஜீனத் அக்காதான் உட்காரவைத்து விளக்கினார். தசைகள் வேலை செய்வதால் ரத்தத்தில் சேரும் கழிவுதான் கிரியாட்டினினாம், அதைச் சிறுநீரில் வெளியேற்றுவது கிட்னியின் வேலை, வேலை சரியாக நடக்காவிட்டால் எண் ஏறும். ஆனால் ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். "தண்ணியில்லாம, மாத்திரையும் போட்டு மலையைச் சுத்திட்டு வந்து கைய நீட்டினா கிட்னி என்னமா பண்ணும், பாவம்"னு சிரித்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரும் பயப்படவேண்டாம் என்றார். வலி மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் நன்றாகக் குடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும், அப்போதும் குறையாவிட்டால்தான் மேலே யோசிக்கவேண்டும் என்றார்.

அந்த இரண்டு வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆனால் அம்மா அடுத்த பௌர்ணமி முடியட்டும், அப்புறம் ரத்தம் கொடுக்கிறேன் என்கிறாள். இன்று பருப்பு டப்பாவுக்குள் புது மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே"னு கேட்டாள். மீதி இரண்டையும் நான் நடக்கிறேன் என்றேன். "யாருக்காக நேந்துக்கிட்டேனோ அவன் வந்து நடந்தா சாமி ஏத்துக்கும், உன் கால் செல்லாதுடி"னு சொல்லிவிட்டாள். சாமி விஷயத்தில் வாயைத் திறக்கமாட்டேன் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன் அண்ணா. பௌர்ணமிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், மீதி இரண்டையும் லீவில் வந்து நானே நடக்கிறேன், நீ நிறுத்திக்கொள் என்று அம்மாவிடம் சொல். நீ சொன்னால் நிறுத்துவாள். எண் குறைந்துவிடும் என்றுதான் நானும் நம்புகிறேன், ஆனால் அதைப் பார்க்க அவள் விடவேண்டுமே.

காதை மூடிக்கொள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி. அம்மாவும் அப்பாவும் தரும் ஆசியை அவர்களைக் கேட்காமலே இதில் சேர்த்து அனுப்புகிறேன். நான் எழுதியதை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னபடி நடக்கவும் வந்துவிடு, அம்மா நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

உன் தங்கை,
கவிநிலா