வெள்ளகவிக்கு மேல் வழி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏரியே தெரியவில்லை. மழைக்கோட்டு ஐந்தையும் அடுப்படியில் காயப்போட்டேன், ஐந்தும் இன்னும் ஈரம். வீடு முழுக்க ரப்பர் வாடை. ஜோசப் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூட மெஸ்ஸுக்கு வேலைக்குப் போனார்.

நாளை அலஸ்டர் என்பவர் வருகிறார். எடின்பரோக்காரர். அங்கே கோட்டையிலிருந்து இறக்கத்தில் அரண்மனை வரைக்கும் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறவர். வாழ்நாள் முழுக்க அதே வேலையாம். அவருடைய கம்பெனி ஜனவரியிலிருந்து நம்மிடம் ஆள் அனுப்பலாமா என்று பார்க்க வருகிறார். சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி சீசனுக்கு மட்டும் கைடு, மற்ற மாதமெல்லாம் கடையில் சாக்லேட் பாக்கெட் கட்டுகிற சோலி.

முதலாளி செல்வின் சார் இன்று மட்டும் நாலு போன். "ரெஜினா, வெள்ளகவிதான் நம்ம ஹைலைட். அதுல சொதப்பிராதம்மா." சொதப்பியது யார், போன தடவை பஸ்ஸைத் தவற விட்டது யார். கேட்கவில்லை.

எடுத்துப்போக: உப்பு, மூக்குப்பொடி (அட்டை கடித்தால்). பிளாஸ்டர். குளுக்கோஸ். டார்ச்சுக்கு பேட்டரி. ஜோசப் குடை (என்னுடையது கம்பி முறிந்தது).

அக்டோபர் 15, புதன்

பனி, அப்புறம் வெயில், அப்புறம் மழை. எல்லாம் பத்து மணிக்குள்.

ஆள் வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். சிவந்த முகம், கனத்த பூட்ஸ், நீளக் குடை. குடை மழைக்கு இல்லை, கூட்டம் தொலையாமலிருக்கத் தூக்கிப் பிடிப்பதற்கு. காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். தங்கும் வீட்டில் ஒரு கைக்கண்ணாடி கேட்டு வாங்கினார். சுவரில் ஆளுயரக் கண்ணாடி தொங்குகிறது, அது போதாதாம். இந்த வயசில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்கிற அழகு.

ஊர் நடைக்குக் கூட்டிப்போனேன். தேவாலயம், பழைய கல்லறைத் தோட்டம், ஏரிக்கரை பங்களாக்கள். ஒரு கதையை முழுசாகச் சொல்ல விடவில்லை. நடந்துகொண்டே பேசாதே, நின்று பேசு. ஆட்களுக்கு முதுகைக் காட்டாதே. அவர் பின்பக்கமாகவே நடந்து காட்டினார், கல்லறைத் தோட்டத்து இறக்கத்தில், நம்மைப் பார்த்தபடி, ஒரு கல் தடுக்காமல். கெட்டிக்காரர்தான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இதே ரோட்டில் நான் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை, எனக்கு நடக்கச் சொல்லித்தர ஒரு ஆள்.

ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னார். அவர் ஊரில் செங்குத்தான படிச்சந்துகள் நிறைய. எல்லாவற்றுக்கும் சுற்றிப் போக லேசான தெரு ஒன்று உண்டு. படி ஏறி முடிகிறவரை அதை வாயில் எடுக்கவே கூடாதாம். எடுத்தால் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், கூட்டம் உடையும், கதை செத்துப்போகும். வேறு வழி இருப்பது தெரியாதவரை எல்லோரும் ஏறிவிடுவார்கள் என்றார். நல்ல யோசனை. மனசில் போட்டுக்கொண்டேன்.

பால் இரண்டு பாக்கெட். சுசிக்கு ஸ்கூல் ஸ்வெட்டர், கை சின்னதாகிவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

கால் இரண்டும் கழன்று போன மாதிரி. ஆனால் நாள் நன்றாகப் போனது.

வெள்ளனவே வட்டக்கானலிலிருந்து இறங்கினோம். பாதை முழுக்க ஈரச் சருகு. அவர் இறங்குவது ஒரு மாதிரிதான், காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார், தரை எங்கே இருக்கிறது என்று பூட்ஸைக் கேட்கிற மாதிரி. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன், வேண்டாமாம்.

வெள்ளகவி எல்லையில் நிறுத்தினேன். என் முக்கியமான இடம் அது. இந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், இது முழுக்கச் சாமி மண், எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் செருப்பு கையில்தான் என்று சொல்வேன். வருகிறவர்கள் அப்படியே சொக்கிப்போய்க் கழற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள். இவர் கழற்றவில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலுறையோடு போகலாமா என்று கேட்டார். உறையும் கூடாது என்றேன். அப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானே சொன்னேன்.

நமக்குச் சாப்பாடு செய்து தருகிற பஞ்சவர்ணம் அக்கா விறகோடு அந்தப் பக்கம் வந்தார். அலஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா ரெஜினா, பெரியவருக்கு நடையே ஒரு மாதிரி இருக்கு. பூட்ஸோட மேல வழியாக் கூட்டிட்டுப் போயேன். காப்பித் தோட்டத்துக்குள்ள பாதை கெடக்குல்ல. ஒடம்புக்கு ஆகாதவுக எல்லாம் அப்பிடித்தான போறாக."

அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று அலஸ்டர் கேட்டார். சாப்பாடு தயார் என்கிறார் என்று சொன்னேன்.

கழற்றினார். வெள்ளை வெளேரென்று பாதம், மெழுகு மாதிரி. ஊருக்குள் நடந்தார், கோயில்களைப் பார்த்தார், அவ்வளவு சந்தோஷம் முகத்தில். அக்கா வீட்டில் சோறு, மொச்சைக் குழம்பு. எல்லைக்குத் திரும்பி உறை மாட்டும்போது பார்த்தால் உள்ளங்காலில் ரத்தம். கணுக்காலில் ஓர் அட்டை தொங்கியது, உப்புப் போட்டு எடுத்தேன். கீழே கடித்தது இன்னொன்று, குடித்துவிட்டு விழுந்திருக்கும் என்றேன். மூக்குப்பொடி அப்பி, பிளாஸ்டர் ஒட்டி, உறையை நானே ஏற்றிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, இல்லவே இல்லை என்றார்.

ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. பூட்ஸுக்குள் தண்ணீர். செல்வின் சாருக்கு போட்டோ அனுப்பினேன், நாலு கைதட்டு வந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. அலஸ்டர் வெளியே வரவில்லை, அசதியாம். தீபாவளிக் கூட்டம் ஏற ஆரம்பித்துவிட்டது. ஏழு ரோட்டுப் பக்கம் நகர முடியவில்லை.

துணி துவைத்தேன், காயாது. சாயங்காலம் அவருக்கு போன் போட்டேன். நன்றாக இருக்கிறேன், நாளை ஊர் நடைக்கு வருகிறேன், நீ எப்படிக் கூட்டத்தைக் கையாள்கிறாய் என்று பார்க்கவேண்டும் என்றார். கதைகளை இரண்டு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பரீட்சை பயம், வேறென்ன.

அக்டோபர் 18, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடவேண்டும்.

காலையில் கூட்டத்தோடு நடந்தார். நொண்டவே இல்லை. தேவாலயத்துக்குள் போனதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவப்பு, உடம்பு நடுங்குகிறது. சளிக் காய்ச்சல் என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வாடை.

எனக்குத் தெரியும் அந்த வாடை. என் மாமியாருக்கு, ஜோசப்பின் அம்மாவுக்கு, சர்க்கரை. சாகிறவரை அவர் காலைக் கழுவிக் கட்டியவள் நான்தான். எத்தனையோ வாசனைக்கு நடுவில் வந்தாலும் தெரியும்.

ஷூவைக் கழற்றுங்கள் என்றேன். முடியாது என்றார். அதட்டலாக. மண்டியிட்டு நானே கயிற்றை அவிழ்த்தேன். கூட்டம் முழுக்கப் பார்க்கிறது. யாரோ ஒரு அம்மா, "ஐயையோ, காலைத் தொடுறாங்க பாரு" என்றார். உறை ஒட்டிக்கொண்டு வரவில்லை. வந்தபோது சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு, கணுக்கால் வரைக்கும். நான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

சர்க்கரையா என்றேன். தலையாட்டினார்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், உடனே மதுரை என்றார்கள். துணி எடுக்க அவர் அறைக்கு ஓடினேன். கைக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில், தரையில், செருப்புப் பக்கத்தில் கிடக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி தரையில் எதற்கு. உள்ளங்கால் பார்க்க. ஜோசப்பின் அம்மாவுக்கு நானே பிடித்திருக்கிறேன், அப்படி ஒரு கண்ணாடியை. எனக்கு அது உறைக்கவே இல்லையே.

மலைப்பாதையில் எதிரே வண்டி மேல் வண்டி, எல்லாம் ஏறுகிறது. நாங்கள் மட்டும் இறங்குகிறோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று. அவர் என் மடிமேல் காலை வைத்துக்கொண்டு பினாத்தினார், வலதுபக்கம் பாருங்கள், இடதுபக்கம் பாருங்கள் என்று, யாரோ கூட்டத்துக்கு வழி காட்டுகிற மாதிரி. மாதாவே மாதாவே என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை இல்லை. வத்தலக்குண்டு வந்தபோதுதான் மூச்சு வந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

மதுரை. புழுக்கம். பூசைக்குப் போகவில்லை.

கீறிச் சுத்தம் செய்தார்கள். டாக்டரம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் காட்டினார், பழுப்புக் கண்ணாடிச் சில்லு, நகத்தளவு. மலையேற வருகிறவன் எவனோ உடைத்துப் போட்ட பாட்டில். "இத வச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்தாரு? யாரும் பாக்கலையா?"

அட்டை என்று நினைத்தோம் என்றேன். நினைத்தோம் இல்லை. நினைத்தேன்.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. காய்ச்சல் இறங்கினால் அதோடு நிற்கும். இறங்காவிட்டால் பாதம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியும் முன்பே வெடி. ஒவ்வொரு வெடிக்கும் அவர் கண்ணைத் திறக்கிறார்.

காய்ச்சல் இறங்கவில்லை.

எடின்பரோவிலிருந்து மகள் போனில் அழுதாள். சர்க்கரையும் கால் மரத்ததும் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம், அதனால் அப்பா மறைத்துவிட்டாராம். நீங்களாவது பக்கத்தில் இருக்கிறீர்களே, உங்களுக்கு நன்றி என்று சொன்னாள். டாக்டரம்மா நம்பரைக் கொடுத்துவிட்டு போனை வைத்தேன்.

செல்வின் சார் போன். யார் கேட்டாலும் அட்டைக்கடி சீழ் பிடித்தது என்றே சொல்லவேண்டுமாம். பூட்ஸை அவராகக் கழற்றினார் என்று சொல்லவேண்டுமாம். மேல் வழியைப் பற்றி செல்வின் சாருக்கே தெரியாது. அன்றைக்கு பஞ்சவர்ணம் அக்கா அதைச் சொன்னது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் சும்மா இருந்தால் போதும்.

ஜோசப் இட்லி கொடுத்தனுப்பினார். இறங்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மத்தியானம் காய்ச்சல் இறங்கிவிட்டது. பாதம் தப்பியது. ஆஸ்பத்திரிக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன், நன்றாக.

அக்டோபர் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் ஆரம்பித்தார். வியாழன் இரவே கண்ணாடியில் பார்த்தாராம், வெட்டு மாதிரி தெரிந்ததாம். நீ அட்டை என்று சொல்லியிருந்தாய், உன் மலை, உனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பஞ்சவர்ணம் அக்கா என்ன சொன்னார், நான் அதை எப்படி மாற்றிச் சொன்னேன், எல்லாம்.

அக்கா சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை சொல் என்றார். சொன்னேன். உடம்புக்கு ஆகாதவர்கள் எல்லாம் அப்படித்தான் போவார்கள் என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ சொல்லியிருந்தால் போயிருப்பேன். சந்தோஷமாகப் போயிருப்பேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிச்சந்து யோசனை அவர் சொல்லிக் கொடுத்ததுதான். தொண்டை வரை வந்தது. காலில் கட்டோடு கிடக்கிறவரிடம் என்ன வழக்கு. தண்ணீர் ஜாடியை நிரப்பிவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நடக்கலாமாம், நர்ஸ் சொன்னாள். சமதரையில், கம்பு ஊன்றி. பின்பக்கமாக நடப்பது இனி நடக்காது.

அக்டோபர் 24, வெள்ளி

வீடு. குளிர் நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பதே பிடிக்கவில்லை.

செல்வின் சார் வந்து கத்திவிட்டுப் போனார். எடின்பரோவிலிருந்து பதில், ஆள் அனுப்பமாட்டார்கள். யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்றார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, நாளைக்கு வேறு கைடு கிடையாது. கோயம்புத்தூர் கூட்டம், வெள்ளகவி.

பஞ்சவர்ணம் அக்காவை நினைத்தால்தான் உதறல். கூட்டத்துக்கு நடுவில் வைத்து, நான் அன்னைக்கே சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன செய்வேன்.

அக்டோபர் 25, சனி

வெயில். பாதை காய்ந்து கிடந்தது, அட்டை இல்லை.

எல்லையில் நிறுத்தினேன். கதை சொல்லும் முன்பே கேட்டேன், சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்தவர்கள் யாராவது உண்டா, மேலே ஒரு வழி இருக்கிறது, ஷூவோடு போகலாம். யாரும் கை தூக்கவில்லை. மறுபடி கேட்டேன். ஒரு பெரியவர், பாதி தூக்கினார். மனைவி அவரைப் பார்த்த பார்வை, உங்களுக்கா என்பது போல. அவரைத் தோட்டத்து வழியில் விட்டேன். கண்ணாடி போட்ட பையன் ஒருவன், அப்போ இந்த ரூல் சும்மாவா என்றான். கதை அங்கேயே செத்தது. கூட்டம் உடைந்தது. சரி.

அந்தப் பெரியவர் ஷூவோடு மேலே போவதைப் பார்த்துவிட்டு அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"அந்த வெள்ளக்காரருக்கு வெரலு போயிருச்சாமே."

ஆமாக்கா என்றேன்.

"ரொம்ப வலிச்சுச்சாம்மா அவுகளுக்கு?"

"இல்லக்கா. வலிக்கவே இல்ல."

அக்கா கையெடுத்துக் கோயில் பக்கம் கும்பிட்டார். "அது போதும் தாயி. நம்ம சாமி கைவிடல." உள்ளே போய் மலைவாழைச் சீப்பு ஒன்று கொண்டுவந்தார், அவருக்கு என் கையால் கொடுக்கவேண்டுமாம், அவர் பேர் சொல்லி வேண்டிக்கொண்டாராம்.

சர்க்கரைக்காரருக்கு வாழைப்பழம். வாங்கிக்கொண்டேன்.