ஒரே காய்ச்சல்

கடத்தூர்
12.10.1986

மரியாதைக்குரிய அண்ணன் அப்துல் கனி அவர்களுக்கு, தங்கை ஜுபைதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷகிலாவை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் மெட்ராஸ் பஸ் ஏறிய பிறகு அஸ்கரிக்குக் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டது. இட்லி கேட்கிறாள். ரெட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் தட்டை நீட்டுகிறாள், நான் வைக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. தெருவில் அதையும் பேசுகிறார்கள். உங்கள் மச்சான் பாத்திரக் கடையைத் திறந்துவிட்டார். நீங்கள் ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் போனதுதான் எனக்குக் குறை.

தங்கை,
ஜுபைதா

மெட்ராஸ்
19.10.1986

அன்புத் தங்கச்சி ஜுபைதாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

அஸ்கரி தேறியது நிம்மதி. எனக்குத்தான் தூக்கம் இல்லை. நான் ஒரு டாக்டர். காரணம் இல்லாமல் ஒரு குழந்தை சாகாது. யாருக்கு முதலில் காய்ச்சல் வந்தது? எந்தத் தண்ணீர் குடித்தார்கள்? மருந்துச் சீட்டுகளை எல்லாம் அனுப்பு. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மச்சான் ஏன் ஒரு நாள் தாமதித்தார்? கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

அண்ணன்,
கனி

கடத்தூர்
28.10.1986

அன்பு அண்ணனுக்கு ஸலாம்.

சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில்தான் சுட்டது. ஒரே பானைத் தண்ணீர், ஒரே மருந்து, ஒரே வேன். ஷகிலாதான் திடமானவள். அவள்தான் மருந்தைத் துப்பாமல் குடித்தாள்.

உங்கள் கடிதத்தை மச்சான் படித்தார். "ஒரு நாள்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து கடை திறக்கவில்லை.

இங்கே எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. "பொழுது சாயற மக்ரிப் நேரத்துல புள்ளைங்கள வெளியில விட்டியே," என்கிறார் மாமியார். "ஒரே மாதிரி கவுன் போட்டு சந்தைக்குக் கூட்டிட்டுப் போனீங்க, கண்ணு பட்டுடுச்சுங்க," என்கிறார் பக்கத்து வூட்டுத் தீர்த்தம்மாள். எல்லாம் இரண்டு பேருக்கும்தானே நடந்தது? கோபிக்காதீர்கள் அண்ணா, நீங்கள் தேடும் காரணத்தையும் அவற்றோடுதான் வைத்திருக்கிறேன். இனிமேல் கேட்க வேண்டாம்.

ஜுபைதா

மெட்ராஸ்
23.11.1986

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

உடனே பதில் போட முடியவில்லை. சீட்டுகளை எனக்குப் பாடம் சொன்ன பெரிய டாக்டரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் மீதும் தப்பில்லை, ஒரு நாள் முன்னால் போயிருந்தாலும் இதே வைத்தியம்தான் என்றார். "அப்போ ஒருத்தி ஏன் சார் பிழைச்சா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெரியல கனி," என்றார்.

அவருக்கே தெரியாது என்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது? மச்சானிடம் இதைச் சொல். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

பள்ளிவாசல் பக்கம் போய் எனக்கு வருஷங்கள் ஆயிற்று, உனக்குத் தெரியும். நீ ஐந்து வேளையும் தொழுகிறாய். உனக்கு அங்கே பதில் கிடைக்கிறதா? மறைக்காமல் எழுது.

கனி

கடத்தூர்
2.12.1986

அன்பு அண்ணனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தை மச்சானிடமே கொடுத்தேன். படித்தார். மறுநாள் கடைக்குப் போனார்.

பதில் கிடைக்கவில்லை அண்ணா. ஆரம்பத்தில் தொழுகையில் ஏன், ஏன் என்று அல்லாஹ்வையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து, "எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்கிறேன். ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். மனசு மரத்துத்தான் கிடக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு எழுந்திருக்க முடிகிறது, உலை வைக்க முடிகிறது. உங்கள் பெரிய டாக்டர் தெரியாது என்று சொன்னாரே, அவருக்காகவும் துஆ செய்தேன். மற்றவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நேற்று அஸ்கரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "ஷகிலா அல்லாகிட்டதானே இருக்கா? அவளுக்குக் காய்ச்சல் வுட்டுடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"வுட்டுடுச்சு," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அண்ணா. சீப்பைக் கூட நிறுத்தவில்லை. அது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் தங்கை,
ஜுபைதா