மடிந்துபோன ஈறு

12 ஜூன் 2025, கோச்சடை
இடப்பக்கம் மேல்வரிசையில் மறுபடி ரத்தம். போன வருஷம் பல் பிடுங்கி இடைவெளி விட்ட இடம். பல்லைச் சீராக்கப் போட்ட கம்பி இழுக்க இழுக்கப் பக்கத்துப் பல் இரண்டும் நெருங்கி வருகின்றன. ஈறு மட்டும் துணி மடிப்பு மாதிரி உள்ளே மடிந்து கிடக்கிறது. கறி நார் போய் மாட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரே வாய்தானே?

13 ஜூன்
அந்த இடத்தைத் தொடாமல் துலக்கினேன். புண் ஆறட்டும்.

5 ஜூலை
தல்லாகுளம். டாக்டர் சரண்யாதேவி மெல்லிய அளவுகம்பியை மடிப்புக்குள் விட்டார். ஆறு மில்லிமீட்டர் இறங்கியது. மூன்றுக்கு மேல் போகக்கூடாதாம்.
"பிரஷ் படாம விட்டீங்களா டீச்சர்? ரத்தம் வர்ற இடத்தைத்தான் மொதல்ல தேய்க்கணும்."
வெட்கமாகப் போயிற்று. இப்படியே இடைவெளியை மூடினால் உள்ளே எலும்பு தேயும், கம்பியைக் கழற்றியதும் பல் விலகிவிடும் என்றார். இழுப்பதை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷம்... கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றவள் நான். இம்புட்டும் வீணாப் போயிருமா?
அழுகை வந்துவிடுமோ என்று, பல் எப்படி எலும்புக்குள் நகருது என்று கேட்டுவைத்தேன். முன்னால் எலும்பு கரைந்து வழிவிடுமாம், பின்னால் புதிதாகக் கட்டிக்கொள்ளுமாம். "நான் இழுக்க மட்டுந்தான் செய்றேன். வேலை பூரா உங்க உடம்புதான்."
பஸ்ஸில் அதே நினைப்பு. நான் பேப்பர் திருத்தும்போதும் தூங்கும்போதும் என் முகத்துக்குள்ளே இந்த வேலை நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லையே, ஆண்டவரே.

22 ஜூலை
ஒன்பதாம் வகுப்பில் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' நடத்தினேன். சொல்லின் கடைசி எழுத்துக்கும் ஈறு என்றுதான் பேர். முன் பெஞ்சு ஜெனிஷா எழுந்து, "ஈறு கெட்டா டாக்டர்கிட்டப் போகணும் மிஸ்" என்றாள்.
"போய்ட்டுத்தான் வாரேன், உட்காருடி."
வகுப்பே சிரித்தது. நானும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

2 ஆகஸ்ட்
மடிப்பை வெட்டி எடுத்தாச்சு. டாக்டர் காட்டினார். ஒரு அரிசி இருக்கும். இதுதானா?

3 ஆகஸ்ட்
ஜெய்சன் கஞ்சி வைத்துக்கொடுத்தார். உப்பில்லை. புருஷன் கையால் வைத்தது, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

30 ஆகஸ்ட்
ரத்தம் இல்லை. மறுபடி இழுக்க ஆரம்பித்திருக்கிறார், மெதுவாக. தினம் மூன்று தடவை தேய்க்கிறேன்.

15 நவம்பர்
டாக்டர் மெழுகு நூலைக் கொடுத்து, இரண்டு பல்லுக்கும் நடுவே விடச் சொன்னார். இறங்கவில்லை. அழுத்திய பிறகுதான் போயிற்று. நூல் வெள்ளையாகவே வந்தது. போன வருஷம் இந்த இடத்தில் ஒரு முழுப் பல் நின்றது. கண்ணாடியை வாங்கி, கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
"போதும் டீச்சர், வாயை மூடிக்கலாம்."
இன்னும் கொஞ்சம் பார்த்துக்கிறேன் என்றேன்.