கபீரின் படுக்கையறைப் படையெடுப்பு

ஜூன் 16, திங்கள்

காலையில் மேகம். மழை இல்லை. இனி எழுதப்போவது உலகில் ஒருவனும் நம்பாத கதை என்று இதனால் உறுதி கூறுகிறேன். படிக்கப்போவது நான் ஒருவன். நானே நம்புவது சந்தேகம்.

சர்க்கரை வியாதி என் ராஜ்யத்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தது. கண், கால், கடைசியில் அந்தரங்கக் கோட்டை. மாத்திரை, ஊசி எல்லாம் தோற்று ஓடின. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி ஹாஜிராவிடம் பொய் சொல்லி ஹாலில் படுக்க ஆரம்பித்து மூன்று வருடம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வளையல் சத்தம். அந்தச் சுவர் தாம்பரத்தில் தொடங்கிச் செங்கல்பட்டு வரை போகிறது.

புதன்கிழமை ஆபரேஷன். உறுப்புக்குள் இரண்டு குழாய், விதைப்பையில் சின்ன பம்பு, அடிவயிற்றில் தண்ணீர்ப் பை; பம்பை அமுக்கினால் தண்ணீர் ஏறிக் குழாய் நிமிரும். மறைமலை நகர் கார் கம்பெனியில் பிரேக் சிலிண்டர் பூட்டியே ரிட்டையர் ஆனவன் நான். சும்மா இருப்பேனா. இன்று ஆஸ்பத்திரியில் கேட்டே விட்டேன்.

"லைன்ல காத்து நின்னா என்ன பண்ணுவீங்க சார்?"

"அத நாங்க பாத்துப்போம்" என்றார் டாக்டர்.

"பிரேக்குன்னா நாலு தடவ பெடல் அடிச்சிட்டு நிப்பிள லூஸ் பண்ணி காத்த வெளியேத்தணும் சார்."

ஹாஜிரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. திரும்பும்போது பெருங்களத்தூர் நெரிசலில் ஒரே ஒரு வாக்கியம்: "ஏசி ஒத்துக்கலன்னீங்க."

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். செல்வத்தோடு டீ, சர்க்கரை இல்லாமல். எங்கள் கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். அவனுக்கும் இதே கோளாறு. என் இன்ஷூரன்ஸ்காரன் முட்டி ஆபரேஷனுக்குப் பணம் கொடுப்பான், இதற்குக் கிடையாது. எனக்குப் பி.எஃப். இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை.

"பெரியாஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"சக்கரைய கொறச்சிகினு வா, இல்லாங்காட்டி சீழ் புடிச்சிக்கும்னாங்க. உள்ள வெக்கிற பொருள நீயே வாங்கினு வரணுமாம். உனக்குப் பவர் ஸ்டியரிங் அண்ணே. எனக்குக் கையால வளைக்கிற கம்பிக்கே வழியில்ல."

சிரித்தோம். அப்புறம் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "ஊட்ல அவ ஒண்ணுமே கேக்கறதில்ல அண்ணே. அதான் பேஜாரா கீது" என்றான்.

ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வெட்கம்.

ஜூன் 21, சனி

வீடு வந்தாயிற்று. வீக்கம், சுமார் ஒரு பலாப்பழம். லுங்கிக்குள் கூடாரம் அடித்து ஒரு பட்டாளம் தங்கலாம்.

சொந்தக்காரர்களிடம் குடலிறக்கம் என்று சொன்னது தப்பாய்ப் போயிற்று. ஹாஜிராவின் தம்பி பஷீருக்குப் போன வருடம்தான் அந்த ஆபரேஷன். பள்ளிக்கரணையிலிருந்து திராட்சையோடு வந்துவிட்டான்.

"மச்சான், தையல காட்டுங்க. என்னுது நீளமா, உங்களுது நீளமான்னு பாத்துருவோம்." சட்டையைத் தூக்கித் தன்னுடையதைக் காட்டியும் விட்டான்.

ஹாஜிரா தட்டோடு குறுக்கே வந்தாள். "காத்து படக்கூடாதாம்டா. நீ சமோசா சாப்பிடு."

அவன் போனபின் அவள் தட்டைக் கழுவப் போனாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. இந்த முறை சிரிப்புதான்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் நல்ல மழை. பம்பை ஆறு வாரம் தொடக்கூடாது என்று டாக்டர் சட்டம் போட்டிருக்கிறார். அதன்பின் நடக்கப்போவதைச் சரித்திரம் பொன்னெழுத்தில் பொறிக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஹாஜிரா வந்து நின்றாள், கக்கத்தில் தலையணை.

"தள்ளிப் படுங்க."

"இன்னும் அஞ்சு வாரம் ஆகுமே."

"அது மிஷினுக்கு. கூடப் படுக்க எந்த டாக்டர கேக்கணும்? மூணு வருஷமா நான் எதக் கேட்டேன்னு நெனச்சீங்க?"

ஹால் கட்டிலில் இரண்டு பேருக்கு இடமில்லை. படுத்தோம்.

செல்வத்திடம் இதைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது.

கோட்டை, பட்டாளம், பலாப்பழம், செங்கல்பட்டு வரை போன சுவர், எல்லாம் நான் ஏற்றிச் சொன்னது. தலையணை நிஜம்.