முடியின் எடைக்கு வெள்ளி

சென்னை,
4.8.2025

அர்ஷத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ என் தங்கை மகன் என்பதாலோ, என் மகள் நுஸைபாவை மணந்து விலகியவன் என்பதாலோ இதை எழுதவில்லை. என் அழைப்புகளை நீ தடுத்துவைத்திருப்பதால் எழுதுகிறேன்.

உன் மகள் இக்ராவின் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. பசியாவரத்திலிருந்து நண்டு ஏற்றிவரும் உன் படகு கரையை நெருங்கியதும் ஒருவன் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறான் அல்லவா? உயிரணுவுக்குள் சரக்குப் பைகளை அப்படிக் கட்டுவது ராப் 27 என்னும் சிறு ஜிடிபேஸ் புரதம். அவளிடம் அது இல்லை. நிறப்பைகள் முடிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் முடி வெள்ளி. கிருமியை அழிக்கும் நஞ்சுப் பைகளும் வெளியேறவில்லை. அதனால் ஓயாத காய்ச்சல்.

மருந்து இப்போதைக்கு அதை அடக்கியிருக்கிறது. மீண்டும் வருமுன் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். அண்ணன் ஆதிலுடையது பொருந்தக்கூடும். ஆள் அனுப்பிக் கேட்டும் மறுத்தாய். நான்கு வயதுக் குழந்தையை நீ கொல்கிறாய். இதைவிட நயமான சொல் என்னிடம் இல்லை.

கௌஸ் மைதீன்

பழவேற்காடு,
9.8.2025

மாமா,

சலாம். வந்த ஆளு 'புள்ளைய அனுப்பு'ன்னு மட்டும்தான் சொன்னான். எதுக்குன்னு இப்பதான் தெரியுது.

இக்ரா பொறந்த ஏழாம் நாள் அகீகாவுல முடி எறக்கி, அந்த எடைக்கு வெள்ளி தானம் குடுத்தோமே, நெனப்பிருக்கா? 'வெள்ளிக்கு வெள்ளி'ன்னு தராசைத் தூக்கிக் காட்டி சிரிச்சீங்க. அப்பால மாசா மாசம் காய்ச்சல். பெரிய டாக்டராண்ட முடியையும் காட்டலாம்னேன். 'நண்டு ஏத்தறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?'ன்னீங்க. அந்தப் பேச்சுலதான் ஆதிலைத் தூக்கினு வந்தேன்.

எலும்புல ஊசி போட்டா எம்புள்ளைக்கு இன்னா ஆவும்? அத எழுதல நீங்க.

அர்ஷத்

சென்னை,
13.8.2025

அன்புள்ள அர்ஷத்,

ஆதிலுக்கு இடுப்பில் சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். மயக்க மருந்தால் சிறு ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் புரதத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். வெள்ளி முடி, விடாத காய்ச்சல், உறவில் மணந்த பெற்றோர் என்று எழுதாத மாணவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் தந்ததில்லை. அந்த மணத்தை முடித்துவைத்தவன் நான். அந்த முடி என் உள்ளங்கையில் இருந்தது. எடை பார்த்தேன், நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. நீ கேட்ட பிறகும் பார்க்கவில்லை.

இன்று காலை இக்ராவுக்கு மறுபடியும் காய்ச்சல், நூற்றுமூன்று. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். வா.

மாமா

பழவேற்காடு,
24.8.2025

மாமா,

உங்க ரெண்டாவது லெட்டரைப் பிரிக்காம இதோட திருப்பி அனுப்புறேன். அதுல இன்னா எழுதியிருந்தாலும், அதுக்காக நான் வந்ததா ஆவக் கூடாது. உங்களுக்கு எழுதிட்டு பதிலுக்குக் காத்துனு இருக்க முடியல. மறுநாளே ஆதிலோட சென்னைக்குப் போயி இக்ராவைப் பாக்குற டாக்டரம்மாவையே கேட்டேன். ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தோம். உங்களாண்ட சொல்ல வேணாம்னு சொன்னது நுஸைபா.

ஆதிலுது பொருந்தல. என்னுது முழுசா பொருந்துதாம். சொந்தத்துல கட்டினா அப்பிடியும் அமையுமாம். நோவும் அதே சொந்தத்துல வந்ததுதானாம்.

காய்ச்சல் எறங்கினாத்தான் மேல எதுவும் செய்வாங்க. இன்னும் எறங்கல.

மருந்துல இக்ரா முடியெல்லாம் கொட்டிப்போச்சு. தாத்தா உங்களைத்தான், நன்னா எங்கன்னு கேட்டுனே இருக்கா. நான் சொல்லித்தான் உங்களை உள்ள விடல. நாளைக்கே நான் அங்க திரும்பிடுவேன், வார்டு வாசல் வரைக்கும் வாங்க. நான் கூப்புட்டா உள்ள வரலாம்.

அர்ஷத்