கோட்டுப் பையில் மச்சினன்கள்

தேரா, துபாய், 12.3.2004

என் நஜீஹாவுக்கு ஸலாம்.

படங்களுக்குப் பிரேம் போடும் நம் கடைக்கு ஓர் அமெரிக்க வாத்தியார் அவர்கள் நாட்டுக் கேலிச்சித்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். நூற்றுமுப்பது வருஷப் பழசு. பெருத்த கட்சித் தலைவர் ஒருவரின் கோட்டுப் பைகளிலிருந்து அவருடைய மச்சினன்கள் எட்டிப் பார்க்கிறார்கள், கையில் அரசாங்க வேலை உத்தரவோடு. வேலை தெரிந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

அதற்கான கண்ணாடியை உன் தம்பி மூன்றாம் தடவையும் குறைத்து வெட்டிவிட்டான். முன்பு வெட்டிக்கொடுத்த யேசுராஜ் எங்கே என்று வாத்தியார் கேட்டார். லீவு என்றேன். அவன் விசாவைக் கேன்சல் செய்துதான் உன் தம்பியை எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இது என்னா படம் மச்சான்?” என்றான் உன் தம்பி.

“யல்லா, சீக்கிரம் அளவைப் பாரு” என்றேன்.

உன் சின்னத் தம்பிக்கும் விசா கேட்டிருக்கிறாய். படத்தின் ஜெராக்ஸ் உள்ளே இருக்கிறது. எந்தப் பையாவது காலியாக இருக்கிறதா, பார்த்து எழுது.

உன் கணவன்