ஆடியில் பிரிக்காத பெட்டிகள்

1998 ஜூலை 5, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. சாத்தச் சொல்லிக் கூப்பிட்டேன், குக்கர் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

செல்வின் வந்தான். காலேஜில் என் பக்கத்து பெஞ்ச். நான் மாடிப்படி ஏற முடியாமல் படிப்பை விட்டேன், அவன் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறான். ஒரு பை நிறைய மவுஸ் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக என் கைக்கடியில் வைத்தான்.

"ஏலே, எல்லாவனும் பிராசஸர் என்னன்னு கேப்பான். நீ மவுஸ்ல இருந்து ஆரம்பிக்கியே?"

வேறு எதிலிருந்து ஆரம்பிக்க? இடது கை போயாச்சு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மதுரை டாக்டர் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். எவ்வளவு நாள் என்று அப்பா கேட்கவில்லை. நானும்.

முடிவு செய்தவை:
மவுஸ் - செல்வின் கடையில் தேய்ந்துபோன பழைய வெள்ளை. புதுசெல்லாம் கல், அழுத்த முடியவில்லை.
பிராசஸர் - பென்டியம் டூ. கிடைப்பதில் பெரியது.
ராம் - 64. செல்வின் 32 போதும் என்கிறான். போதாது.
த்ரீ-டி கார்டு - விளையாட்டுப் படம் வேகமாக ஓட. புதுசாக வந்தது. அது உட்கார மதர்போர்டில் தனி ஸ்லாட் வேண்டும். போர்டு பெயருக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன்.
மானிட்டர் - 17 அங்குலம்.
கீபோர்டு - யார் தட்டப் போகிறார்கள்? ஏதோ ஒன்று.

அப்பா பட்டியலைப் பார்த்தார். "கணக்கு போட இதுல பாதி போதும்னு ஆபீஸ்ல சொல்லுதாவ."

"கணக்கு போட இல்லப்பா. சுட."

சிரிக்கவில்லை. என் விரல் மெதுவானது, மெஷினும் மெதுவாக இருந்தால் எதிரி வந்து கொன்றுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பான் என்று விளக்கினேன். அதற்கும் சிரிக்கவில்லை. சரி என்றார்.

ஜூலை 10, வெள்ளி

சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் எல்லாம் வாங்கிவிட்டானாம். லாரி பார்சலில் போடுகிறான்.

பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம்: "பாவம், ஓடுத வெளையாட்டா வாங்கிக் குடுங்க. மனசால ஓடிக்கிடுவான்லா."

எரிச்சல். எனக்கு ஓட ஆசையே கிடையாது. கால் நன்றாக இருந்தபோதும் கடைசியில்தான் வருவேன். சுட வேண்டும். எதிரே வருகிறவன் எல்லாம் விழ வேண்டும்.

மத்தியானம் ரசம் சாதம், அப்பளம். அம்மா ஊட்டும்போது புரை ஏறியது. பிறகு இந்த நோட்டை விரித்து, விரலிடுக்கில் பேனாவைச் செருகி, என் கையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. கேட்டாலும் காட்டமாட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

பார்சல் வந்தது. நான்கு பெட்டி. வாசலில் இறக்கும் சத்தத்திலேயே மானிட்டர் எது என்று தெரிந்தது.

இன்று ஆடி ஒன்று. நேற்று வந்திருந்தால் ஆனி.

அம்மா பிரிக்கக் கூடாது என்றுவிட்டாள். "வாங்குனது ஆனியிலதானம்மா?" என்றேன்.

"வீட்டுக்குள்ள எப்ப வந்துச்சு? ஆடி முடியட்டும். பெறவு நல்ல நாள் பாத்துப் பிரிப்போம். எங்கன ஓடிரப் போவுது?"

பெட்டிகள் என் கட்டிலுக்கு எதிரே. தூசி படாமல் பழைய போர்வை மூடியிருக்கிறது. யாரோ படுத்திருப்பது போல.

கோபம். ஆனால் அவள் எதை நினைக்கிறாள் என்று தெரியும். ஏழாம் வகுப்பில் எனக்குச் சைக்கிள் வாங்கியது ஓர் ஆடியில். நான் முதலில் விழுந்தது அந்தச் சைக்கிளிலிருந்து. நோயால் விழுந்தேன், ஆடியால் இல்லை என்று எத்தனை டாக்டர் சொல்லியாயிற்று. தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

ஜூலை 23, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பாபநாசம் போய்விட்டார்கள். அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க, அம்மா எனக்காக முழுக்குப் போட. செல்வின் காவல்.

போர்வையை விலக்கினான். கையில் பிளேடு.

"ஒரு நிமிசம்லே. எல்லாம் சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு டேப்பை திரும்ப ஒட்டிருவோம். அம்மைக்குத் தெரியவா போவுது?"

"வேண்டாம்."

"எங்க வீட்ல ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது. நான்தான பிரிக்கேன்? பாவம் எனக்கு வரட்டும்."

"வேண்டாம்னா வேண்டாம்லே."

அம்மா அங்கே ஆற்றில் நிற்கும் நேரத்தில் இங்கே என்னால் முடியவில்லை. அதுதான் காரணம். பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இட்லி ஊட்டிவிட்டான். சட்னியை என் சட்டையில் கொட்டினான்.

மாலையில் அம்மா ஈரத்தலையோடு வந்தாள். முதலில் பார்த்தது போர்வையை. பிறகுதான் என்னை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

தூசிக்காற்று. கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றால் ஈயை விரட்டவும் ஆள் வேண்டும்.

எழுத்து கோணுகிறது. பேனா இருமுறை விழுந்தது. முதல் தடவை அம்மா எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

பிரித்தாயிற்று. நல்ல நேரம், சூடம், எல்லாம். அம்மா மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

செல்வின் போர்டை எடுத்தான். கார்டை எடுத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நான் கோடு போட்டுக் கொடுத்த போர்டு இல்லை. அது இல்லையென்று கடைக்காரன் வேறொன்றை வைத்து அனுப்பியிருக்கிறான். கார்டு உட்கார அதில் ஸ்லாட்டே கிடையாது.

அப்பா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். வாங்கி ஒரு மாதம் ஆயிற்று, மாற்ற மாட்டானாம். சண்டை போட்டபின் அனுப்பிவையுங்கள், பார்க்கலாம் என்றானாம்.

செல்வின் தன் பழைய கார்டு ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டினான். படம் நொண்டியது. நான் அழுத்தி, அது கேட்டு, குண்டு கிளம்புவதற்குள் எதிரி வந்துவிட்டான். சுட்டதும் நான், செத்ததும் நான்.

எல்லாவற்றையும் கழற்றிக் கட்டும்போது அம்மா பைய வந்து செல்வினிடம் கேட்டாள்.

"வந்த அன்னைக்கே பிரிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமோப்பா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"தெரிஞ்சிருக்காதும்மா," என்றேன் நான். "மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். எப்பப் பிரிச்சாலும் இதே கததான்."

நம்பினாளா தெரியாது. அடுப்படிக்குப் போய்விட்டாள். நெடுநேரம் பாத்திரச் சத்தமே இல்லை.

பெட்டியைத் திறந்து பெயரைப் படித்தாலே போதும். அமாவாசை அன்று செல்வின் என்னிடம் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் மேல் கோபம், என் மேல் கோபம். இரண்டையும் எழுத விரல்

ஆகஸ்ட் 30, ஞாயிறு

போர்டு இன்னும் வரவில்லை. மவுஸை அழுத்திப் பார்த்தேன். பத்துத் தடவைக்கு நான்குதான் விழுந்தது.

செல்வின் மவுஸைப் பிரித்து பட்டனை இன்னும் இலகுவாக்கினான். ஈ உட்கார்ந்தால் சுடும் என்கிறான். இப்போது ஏழு.

செப்டம்பர் 12, சனி

போர்டு வந்தது. சரியானது. அம்மா நாள் பார்க்கவில்லை. ராகு காலம் என்று அப்பா இழுத்தார். "பிரிலே," என்றாள் செல்வினிடம். கத்திரிக்கோலை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஓடுகிறது. தண்ணீர் மாதிரி ஓடுகிறது. திரையில் சுவரில் படும் வெளிச்சம்கூட அசைகிறது.

கீபோர்டுக்கு அப்பா. அவர் நடத்த, நான் சுட. சுவரிலேயே போய் முட்டுகிறார். "இங்கனயா? அங்கனயா?" என்று கத்துகிறார். ஒருவனைச் சுட்டேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததால் நாங்கள் செத்தோம்.

செப்டம்பர் 19, சனி

மழை வரும் போல. நேற்று இங்கே இரண்டு வரி எழுதி, கோணல் தாங்காமல் அடித்துவிட்டேன். பிறகு அப்பா ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்தார், விரல் வரவில்லை. எதிரே நின்றவனை அடிக்க முடியவில்லை. அப்பா எங்களைத் திருப்பி ஓடவைத்தார், ஒளிய இடம் தேடி.

எழுதினால் சுட முடியாது. சுட்டால் எழுத முடியாது.

அம்மா இப்போதுதான் கையை நோட்டில் வைத்துவிட்டுப் போனாள். திரும்ப வந்தால் எடுத்து மவுஸில் வைக்கச் சொல்ல வேண்டும். இனி எப்போதும் அங்கேயே.

வாசலில் அப்பா செருப்புச் சத்தம்